சம்மன் வந்த வீட்டுக்கு வக்கீல் எப்போது வருவார்?

காலனிக்குள் அமீனா வந்து போனால் அன்று முழுக்கத் தெருவில் அதே பேச்சுதான். போலீஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் மக்களுக்கு ஓரளவு தெரியும். யாரைக் கூப்பிடுவது, எந்த இயக்கத்துக்குச் சொல்வது, பி.சி.ஆர். புகார் எப்படி எழுதுவது என்பதெல்லாம் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம். அமீனா கொண்டுவரும் காகிதம் வேறு மாதிரி. அதில் யாரும் நம்மைத் திட்டியிருக்கமாட்டார்கள், அடித்திருக்கமாட்டார்கள். வாதி பெயர், பிரதிவாதி பெயர், சர்வே எண், நான்கெல்லை, ஆஜராக வேண்டிய தேதி, அவ்வளவுதான் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கி, நாலாக மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுகிறோம். பல வீடுகளில் நிலம் கைவிட்டுப் போனது அங்கிருந்துதான்.

புதுப்பட்டினத்தில் இருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலும், இந்தப் பக்கம் மாமல்லபுரம் வரையிலும், நிலம் என்றால் இன்று என்ன விலை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் வந்தது, ஊழியர் குடியிருப்பு வந்தது, கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது, மனைப்பிரிவுக் கொடிகள் வந்தன. முள்ளும் மணலுமாய்க் கிடந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத புஞ்சைக்கு இப்போது நாலு பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். அடிதடியில் இறங்கினால் வழக்கு வரும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் வக்கீலோடு போகிறார்கள், நாம் தனியாகப் போகிறோம். பாதி நேரம் போவதே இல்லை.

பெரும்பாலும் போடப்படும் வழக்கு எப்படிப்பட்டது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "இந்த நிலம் என் அனுபவத்தில் இருக்கிறது, பிரதிவாதிகள் வந்து இடைஞ்சல் செய்கிறார்கள், அவர்கள் உள்ளே வராதபடி நிரந்தர உறுத்துக் கட்டளை வேண்டும்" என்பதுதான் மனு. நிலம் யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்கும்படி அதில் கேட்பதே இல்லை. கூடவே ஓர் இடைக்கால மனு. அவசரம் என்று காட்டினால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே தற்காலிகத் தடை கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படிக் கொடுத்தால் அந்த மனுவை 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க முயல வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது கட்டளை சொல்கிறது. ஆனால் எதிர்த்தரப்பே வரவில்லை என்றால் யாரை வைத்து விசாரிப்பது?

சம்மன் கிடைத்ததில் இருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டலாம். அதுவும் தாண்டினால் 'எக்ஸ்பார்ட்டி', அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு வாதி போலீஸ் நிலையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போகிறார். உறுத்துக் கட்டளை என்பது உரிமைப் பத்திரம் அல்ல என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். ஏட்டையாவுக்கும் தலையாரிக்கும் அது தெரிய வேண்டியதில்லை. "கோர்ட் ஆர்டர் இருக்கிறது, நிலத்தில் கால் வைக்காதே" என்றால் முடிந்தது.

தைரியமாகப் போய் நின்றவர்களின் கதையும் அவ்வளவு நன்றாக இல்லை. தன் வழக்கைத் தானே நடத்த யாருக்கும் உரிமை உண்டு. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. திருக்கழுக்குன்றத்திலோ செங்கல்பட்டிலோ கூண்டருகே நின்று, "ஐயா, இது எங்க பாட்டன் காலத்து நிலம், அரசாங்கம் கொடுத்தது" என்று ஒரு பெரியவர் சொல்லலாம். அவர் சொல்வது சத்தியமாகவும் இருக்கலாம். ஆனால் பிராதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு செய்தியையும் எதிருரையில் தனித்தனியாக மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். இது 8-வது கட்டளை. வாயால் சொன்னது காகிதத்தில் இல்லை என்றால் பெரியவரின் சத்தியம் கட்டில் ஏறாது. நீதிபதி நல்லவராக இருந்தாலும், அவரே இறங்கிவந்து நமக்காக எதிருரை எழுத முடியாது.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். வாதியின் உரிமையே கேள்விக்குறியாக இருக்கும்போது வெறும் உறுத்துக் கட்டளை கேட்டால் போதாது, உரிமையை நிலைநாட்டும் பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-ல் ஆந்திராவில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. நம் பகுதி வழக்குகளில் பலவற்றுக்கு இது ஒன்றே நல்ல கேடயம். ஆனால் எதிருரையில் அதை எழுத ஓர் ஆள் வேண்டும். பஞ்சமி நிலம் என்றால் 'அ' பதிவேட்டையும் பழைய ஆவணங்களையும் நகல் எடுத்துக் குறியிட்டுத் தாக்கல் செய்ய ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளை இலவசமாகக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது என்பதுதான் இந்தப் பத்தியின் செய்தி. 1976-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவு, பணம் இல்லை என்பதற்காக எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது. அதைச் செயலுக்குக் கொண்டுவர 1987-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9-ல் அமலுக்கு வந்தது. அதன் 12-வது பிரிவைத் தலித் மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். வழக்குப் போடவோ, போட்ட வழக்கை எதிர்க்கவோ இலவச உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் யார் யார் என்று அது வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவர்கள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும்தான். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் என்று அது நீள்கிறது. வருமான உச்சவரம்பு என்பது இந்த வகைகள் எதிலும் வராதவர்களுக்குத்தான். நமக்கு வருமானம் பார்ப்பதில்லை. மாதச் சம்பளக்காரராக இருந்தாலும் சாதிச் சான்றிதழ் போதும். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இலவசம் என்றால் வக்கீல் கட்டணம் மட்டும் இல்லை. கோர்ட் கட்டணம், சம்மன் செலவு, மனு தயாரிக்கும் செலவு, தீர்ப்பு நகல் எடுக்கும் செலவு எல்லாம் அதில் அடங்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. சட்டம் 'நீதிமன்றம்' என்பதோடு நிற்கவில்லை, வேறு அதிகார அமைப்புகளின் முன் நடக்கும் விசாரணைகளையும் சேர்த்தே சொல்கிறது. நம் நிலச் சிக்கல்களில் பாதி கோட்டாட்சியர் முன்னும் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னும்தான் நடக்கின்றன. பட்டா மாறுதல் மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு வக்கீலோடு வந்து உட்காரும்போது, நாமும் அங்கே வக்கீல் கேட்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் நம் பெரியவர்கள் தனியாக நிற்கிறார்கள்? இங்கிலாந்தில் 1949-ல் இலவசச் சட்ட உதவிக்குச் சட்டம் போட்டார்கள். 2013-ல் அதில் பெரும்பகுதியை வெட்டினார்கள். அதன்பின் குடும்ப வழக்குகளில் வக்கீல் இல்லாமல் தாங்களே வாதாடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அங்கே கொடுத்ததைப் பிடுங்கியதால் வந்த நிலை அது. இங்கே யாரும் பிடுங்கவில்லை. பந்தியில் நம் பேருக்கு இலை போட்டிருக்கிறது, அழைப்புதான் காலனிக்கு வரவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இது நடப்பது இன்னும் உறுத்துகிறது. நிலமும் சட்டக் காகிதமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை வெள்ளைக்காரனே இந்த மண்ணில் இருந்துதான் கற்றுக்கொண்டான். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்கீர் இங்குள்ள பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு நம் முன்னோர் விண்ணப்பம் போட்டால், மிராசுதார்கள் தங்களுக்கே முன்னுரிமை என்று தடுத்துவிடுவதை அதில் பதிவு செய்தார். அந்த நாளிலும் நம்மை மடக்க ஒரு சட்டக் காகிதமே போதுமானதாக இருந்திருக்கிறது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலம். பத்தாண்டு வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தவிர மற்றவருக்குக் கைமாற்றக் கூடாது, மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் இன்று நம் கையில் எவ்வளவு என்று ஒவ்வோர் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

மாமல்லபுரம் பக்கத்துக் காரணை அதைக் கேட்டது. பஞ்சமி நிலத்தை மீட்க அம்மக்கள் நடத்திய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்துகிறோம். செலுத்தத்தான் வேண்டும். ஆனால் தெருவில் இரண்டு உயிரைக் கொடுத்துக் கேட்ட நிலம், முன்சீப் கோர்ட்டில் எதிருரை போட ஆள் இல்லாமல் சத்தமில்லாமல் போவதை எப்படிப் பொறுப்பது? அதற்கு இரங்கல் கூட்டமும் கிடையாது, சுவரொட்டியும் கிடையாது.

உரிமையியல் வழக்கை ஆயுதமாக்குவது புதிதல்ல. மகாடு குளத்தில் 1927 மார்ச்சில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்ததை எல்லாரும் படித்திருக்கிறோம். அதன் பின்கதையை நம் மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. அந்த டிசம்பரில் இரண்டாவது சத்தியாகிரகத்துக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் திரளவிருந்தபோது, சாதி இந்துக்கள் உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். குளம் தனியார் சொத்து என்று வழக்கு. 14-ம் தேதி தற்காலிக உறுத்துக் கட்டளையும் வாங்கிவிட்டார்கள். பிரதிவாதிகளில் ஒருவர் அம்பேத்கர். கூடியிருந்த கூட்டம் தடையை மீறலாம் என்றது. அவர் மக்களிடம் பேசி, குளத்தில் இறங்குவதைத் தள்ளிவைத்தார். பிறகு கோர்ட்டில் நின்றார். அடுத்த பிப்ரவரியில் தற்காலிகத் தடை நீங்கியது. வழக்கோ விடவில்லை. கீழ்க் கோர்ட்டில் தோற்றவர்கள் மேல்முறையீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1937 மார்ச் 17-ல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் முடிவாகத் தீர்ப்பளித்தது. ஒரு குளத்துக்குப் பத்து ஆண்டு. பாரிஸ்டரான அம்பேத்கரே பிரதிவாதியாக இருந்த வழக்கின் கதி இது. வக்கீலே இல்லாத பிரதிவாதியின் கதியை நினைத்துப் பாருங்கள்.

நம் ஆட்கள் இலவச வக்கீலை நம்புவதில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். "காசு வாங்காதவன் எதுக்கு நமக்காகப் பேசுவான்" என்பது கிராமத்தில் எங்கும் கேட்கும் வார்த்தை. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. இந்த வக்கீல்களுக்கு அரசு தருவது சொற்பம். வாய்தாவுக்கு வராமல் போகிறவர்களும், கட்சிக்காரரிடம் "செலவுக்கு" என்று கைநீட்டுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள், சொந்தக் காசில் நகல் எடுத்து வழக்கு நடத்துகிறவர்கள். எவர் வாய்ப்பார் என்பது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது. வக்கீலை மாற்றிக் கேட்க வழி இருக்கிறது என்பதே மக்களுக்குத் தெரியாது. காசு கடன் வாங்கி வெளி வக்கீல் வைத்து, இரண்டாவது வாய்தாவில் காசு தீர்ந்து, கட்டை அப்படியே விட்டுவிட்டு வந்த குடும்பங்களை ஒவ்வொரு காலனியிலும் பார்க்கலாம். அதற்கு இது எவ்வளவோ மேல்.

மக்கள் நீதிமன்றம் பற்றியும் ஒரு வார்த்தை. சமரசம் நல்லதுதான். வங்கிக் கடனுக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. பஞ்சமி நிலத்தில் பாதியை விட்டுக்கொடுத்து 'ராசி' ஆகச் சொன்னால் ஆகாதீர்கள். நிபந்தனை நிலத்தை வேற்றாருக்கு விட்டுக்கொடுக்க நமக்கே அதிகாரம் இல்லை. கட்டு சீக்கிரம் முடிகிறதே என்பதற்காகப் பாட்டன் சொத்தை முடித்துவிடக் கூடாது.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நாம் கேட்பது பெரிய செலவில்லாத ஒரு காரியம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் போகும் ஒவ்வொரு சம்மனோடும் தமிழில் ஒரு துண்டுச் சீட்டு இணையுங்கள். 'உங்கள் மீது வழக்குப் போடப்பட்டிருக்கிறது. இத்தனாம் தேதிக்குள் பதில் தர வேண்டும். உங்களுக்கு வக்கீல் இலவசம். இந்த இடத்துக்கு வாருங்கள்' என்று நாலு வரி போதும். முகாம் நடத்துகிறீர்கள், பந்தல் போடுகிறீர்கள், பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுகிறீர்கள். நல்லது. ஆனால் வழக்கு இல்லாத நாளில் கேட்ட பேச்சு வழக்கு வந்த நாளில் நினைவிருக்காது. தேவைப்படும் நேரம் அமீனா கதவைத் தட்டும் நேரம்.

அதோடு, சட்டத் தன்னார்வலர்களைக் காலனிக்குள் இருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர்த் தெருவில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலரிடம் போய், ஊர்த் தெருக்காரர் போட்ட வழக்கைப் பற்றி நம் ஆள் எப்படி வாய்திறப்பார்?

மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. இந்த ஒரு மாவட்டத்திலேயே செங்கல்பட்டிலும் புதுப்பாக்கத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. அண்ணல் பெயரைத் தாங்கிய கல்லூரியில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். சட்ட உதவி மையம் நடத்துவது அவர்கள் படிப்போடு சேர்ந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் கிராமங்களுக்கு வந்து, சாமி படங்களுக்குப் பின்னால் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று எடுத்துப் படித்துக் காட்டுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையாலும் இதைச் செய்ய முடியும். காகிதத்தில் தேதி எங்கே இருக்கிறது, வழக்கு எண் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சட்டப் பட்டம் தேவையில்லை.

ஏற்கெனவே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்ட குடும்பங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். அதை நீக்கச் சொல்லி 9-வது கட்டளையில் மனுப் போடலாம். தீர்ப்புத் தேதியில் இருந்து 30 நாள் அவகாசம். சம்மனே முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரியவந்த நாளில் இருந்து 30 நாள். தாமதமாகிவிட்டால் அதற்குக் காரணம் சொல்லித் தனி மனுவும் போட வேண்டும். வெறும் தொந்தரவுக்காகத் தலித் ஒருவர் மீது பொய் வழக்குப் போடுவதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவில் குற்றம் என்பதையும் வக்கீலிடம் நினைவூட்டுங்கள். எல்லா வழக்கும் அதில் வராது, வருவதைக்கூட யாரும் கேட்பதில்லை.

புதுப்பட்டினம் திருக்கழுக்குன்றம் வட்டத்தில் வருகிறது. சம்மன், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் நகல், நிலத்தைப் பற்றிக் கையில் இருக்கும் எந்தத் துண்டுக் காகிதமானாலும் எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். பஸ் ஏற முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். விண்ணப்பத்தின் மீது ஏழு நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்பது விதி. இல்லை என்று மறுத்தால் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்ட ஆணைக்குழுவுக்கு முதன்மை மாவட்ட நீதிபதிதான் தலைவர். கொடுக்கப்பட்ட வக்கீல் பணம் கேட்டாலோ வாய்தாவுக்கு வராவிட்டாலோ ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அவரும் ஒரு நீதிபதிதான். எழுதிக் கொடுத்ததற்கு முத்திரை வைத்த ரசீது வாங்காமல் படியிறங்க வேண்டாம்.